வெள்ளைக் காருக்கு எந்த வாக்ஸ்? பளபளப்பை விடுங்கள், துடைப்பதைப் பாருங்கள்

கறுப்புக் காருக்கு வாக்ஸ் போட்டால் ஒரே ஒரு கதவை முடித்ததுமே வித்தியாசம் கண்ணில் அடிக்கும். வெள்ளை, சில்வர், கிரீம் நிறத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சுகம் கிடைப்பதில்லை. வெள்ளை பெயிண்ட் தன் மேல் விழும் வெளிச்சத்தைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். அந்த வெண்மையில் மேல்பூச்சின் மினுக்கு அமுங்கிப் போகும். 'எந்த வாக்ஸ் அதிகம் பளபளக்கும்' என்று ஒப்பிடுவது கறுப்புக் காருக்குச் சரி. வெள்ளைக் காருக்குப் பார்க்க வேண்டியது வேறு: போட்ட வாக்ஸை மிச்சமில்லாமல் துடைத்தெடுக்க முடிகிறதா, வெயிலிலும் மழையிலும் எவ்வளவு நாள் நிற்கிறது. இந்த இரண்டை வைத்துத்தான் நான்கு வகைகளையும் இங்கே எடை போடுகிறேன்.

முதலில் டப்பாவில் வரும் கெட்டி வாக்ஸ். இதில் பெயர் பெற்றது கார்னுபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கிறார்கள். இயற்கை மெழுகுகளிலேயே கெட்டியானது, உருகவே 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் நம் கைக்கு வரும் டப்பாவில் இருப்பது தனிக் கார்னுபா இல்லை, எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் சேர்ந்த கலவை. வெட்டவெளியில் நிறுத்தும் வண்டியில் ஒன்றிரண்டு மாதம் நின்றால் அதுவே நல்ல கணக்கு.

சிக்கல் துடைக்கும்போதுதான் வரும். கெட்டி வாக்ஸ் காய்ந்தால் வெளிர் சாம்பல் படலமாக மாறும். கறுப்பு பெயிண்டில் அது எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும், வெள்ளையில் தெரியவே தெரியாது. துடைத்துவிட்டோம் என்று நினைத்த இடத்தில் படலம் அப்படியே இருக்கும். நாலு நாள் கழித்துத் தூசி அதில் ஒட்டி, கதவின் கீழ்ப்பக்கம் மேகம் மேகமாகத் திட்டு தெரியும்போதுதான் விஷயம் புரியும். தடிமனாக அப்பினால் இந்தத் தொல்லை இரட்டிப்பு. அப்படி அப்புவதால் பாதுகாப்பு கூடுவதும் இல்லை, ஏனென்றால் பெயிண்டின் மேல் தங்குவது மெல்லிய ஒரு படலம் மட்டுமே. மிச்சம் எல்லாம் துணிக்குத்தான் போகும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது பாட்டிலில் வரும் சிந்தெடிக் சீலண்ட். இதில் வேலை செய்வது மெழுகு இல்லை, பாலிமர் என்ற செயற்கைப் பொருள். நாணய அளவுக்கு நாலைந்து சொட்டு ஸ்பான்ஜில் விட்டால் ஒரு கதவு முழுக்க ஓடும். மெல்லிசாகப் போவதால் துடைக்கும்போது இழுக்காது, துணி வழுக்கிக்கொண்டு போகும். பல சீலண்டுகளை வண்டி முழுக்கப் போட்டுவிட்டு, அப்புறம் முதல் கதவிலிருந்து துடைத்துக்கொண்டு வரலாம். கெட்டி வாக்ஸில் பெரும்பாலும் இது நடக்காது, ஒவ்வொரு பாகமாகப் போட்டு உடனுக்குடன் எடுத்தாக வேண்டும். ஆயுளும் கூடுதல், நாலைந்து மாதம் எதிர்பார்க்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. போட்டபின் அது இறுகச் சில மணி நேரமாவது தண்ணீர் படக்கூடாது, சில பாட்டில்களில் ஒரு நாள் என்றே போட்டிருக்கும். ஷெட் இல்லாதவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

வெள்ளைக் காருக்கு என் ஓட்டு சீலண்டுக்குத்தான், தயக்கமே இல்லை. கார்னுபா தரும் அந்த ஆழமான மினுக்கு வெள்ளையில் எடுபடாதபோது, அதற்காகத் தோள் வலிக்கத் துடைப்பதில் அர்த்தமில்லை. அடர் சிவப்பிலோ நீலத்திலோ இன்னொரு வண்டி இருந்தால் கெட்டி டப்பாவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கிளீனர் வாக்ஸ். மெழுகோடு மிக நுண்ணிய உராய்பொருளோ அழுக்கு நீக்கியோ கலந்திருக்கும். பல வருடம் கவனிக்காமல் மங்கிப்போன வெள்ளை வண்டிக்கு இதைப்போல உதவுவது வேறில்லை. தேய்த்ததும் துணியைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறம் ஏறியிருந்தால் அது பெயிண்டில் ஊறிய அழுக்கு, நல்லதுதான். துணியில் வெள்ளையே ஏறினால் உங்கள் வண்டியில் கிளியர் கோட் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) இல்லை, பெயிண்டே உராய்ந்து வருகிறது என்று அர்த்தம். பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் இதைப் பார்க்கலாம். வெளுத்த மேல்பகுதி கொஞ்சம் போவதில் தவறில்லை, ஆனால் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், விளிம்புகளில் தேய்க்கவே வேண்டாம். இதன் பாதுகாப்பு சீக்கிரம் போய்விடும் என்பதால், மேலே ஒரு கை சீலண்ட் போட்டால்தான் பட்ட பாட்டுக்குப் பலன்.

ஸ்ப்ரே வாக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழுவித் துடைத்ததும் அடித்துவிட்டு ஒரு துடை துடைத்தால் முடிந்தது. சில வாரம் நிற்கும். இரண்டு சீலண்ட் பூச்சுகளுக்கு நடுவே போட நன்றாக இருக்கும், அதை மட்டுமே நம்ப முடியாது.

எதைப் போட்டாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வெள்ளைக் காரில் அங்கங்கே ஊசி முனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கும், பின்பக்கம் டிக்கியின் கீழே அதிகம். பெயிண்ட் துருப்பிடிக்கிறது என்று பலர் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள். ஸ்டேஷன் பக்கத்தில் தினமும் நிறுத்துகிற வண்டிகளில் நிறையவே பார்க்கலாம். ஷாம்புக்கு அசையாது. இந்தத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் திரவத்தை அடித்தால் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும், நாற்றம் கொஞ்சம் தாங்க வேண்டும். காயவிடாமல் கழுவிவிடுங்கள். கழுவிய பின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டி பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். மணல் தாள் மாதிரி இருந்தால் கிளே பார் (ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டு எடுத்த பிறகுதான் வாக்ஸ். இதைச் செய்யாமல் வாக்ஸ் போட்டால் வெள்ளையில் புள்ளிகள் அப்படியே தெரியும், எந்த பிராண்டும் மறைக்காது.

போடும் முறையில், வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் வைத்து, பெயிண்ட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள். எங்கே போட்டோம் என்பது கண்ணுக்குத் தெரியாததால் கை ஓடும் பாதைதான் கணக்கு. கதவின் மேலிருந்து கீழாக, ஒரு வரி விட்டு அடுத்த வரி. வட்டம் வட்டமாகத் தேய்த்தால் விட்ட இடம் தெரியாது. காய்ந்ததா என்று பார்க்க விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் பொறுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்று ஈரமாக இருக்கும் நாட்களில் வழக்கத்தைவிட நேரம் எடுக்கும்.

துடைக்க இரண்டு மைக்ரோஃபைபர் துணி. நாலாக மடித்த முதல் துணி வாக்ஸை எடுக்க, இரண்டாவது மிச்சத்தைத் துடைக்க. கடைசியில் மொபைல் டார்ச்சை பெயிண்டை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத படலம் பக்கவாட்டு வெளிச்சத்தில் புகை போலத் தெரியும். வெள்ளைக் காருக்கு இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

பெயிண்டில் ஒளிந்துகொள்ளும் அதே வாக்ஸ் கறுப்பு பீடிங்கிலும் பிளாஸ்டிக் பம்பரிலும் பட்டால் வெள்ளை வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். காய்ந்துவிட்டால் மென்மையான டூத் பிரஷ்ஷும் கிளீனரும் கொண்டு மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் அந்த வேலை மிச்சம்.

மறுபடி எப்போது போடுவது? வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒரு கை போடுவது என் பழக்கம். மற்றபடி தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் படர்கிறதா என்று பாருங்கள். படர்ந்தால் உடனே டப்பாவைத் திறக்க வேண்டாம். அழுக்குப் படிந்தாலும் அப்படித்தான் படரும். நல்ல ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகும் முத்து வரவில்லை என்றால் மறுபூச்சு போடுங்கள்.