விசித்திர விமானத் தடம்: பிளைட்ராடார்24-ஆ, ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்சா?

ஒரு விமானம் முட்டை வடிவில் சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில், விமானங்களை வரைபடத்தில் நேரலையில் காட்டும் பிளைட்ராடார்24 தளத்தைத்தான் திறப்பேன். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். சேருமிடம் பக்கத்தில் இருந்து, சுற்றுக்குச் சுமார் 4 நிமிடம் ஆகிறதா? பெரும்பாலும், இறங்க முறை வரும்வரை காத்திருக்கிறது. ஆனால் நடுக்கடலில் தெரியும் வழவழப்பான கோட்டை நம்பிவிடாதீர்கள். சிக்னல் எட்டாத இடத்தைத் தளம் ஊகித்து நிரப்பியிருக்கலாம்.

அதே வேலையைச் செய்யும் இன்னொரு தளமான ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் பார்க்க அழகில்லை. பயண விவரமும் குறைவு. ஆனாலும் புதிர்த் தடங்களுக்கு என் ஓட்டு இதற்கே. உரிமையாளர் கேட்டுக்கொண்டாலும் மறைப்பதில்லை என்பதால், மற்றதில் காணாமல்போகும் ராணுவ விமானமும் தனியார் ஜெட்டும் இங்கே சிக்கும். தடத்தின் நிறமே உயரத்தைச் சொல்லிவிடும்: ஆரஞ்சு தாழ்வு, ஊதா உச்சம். தாழ்வான உயரத்தில், ஏர் ஓட்டியதுபோல் இணைகோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் நில அளவைதான்.

போலி ஜிபிஎஸ் சிக்னலுக்கு மட்டும் இரண்டுமே ஏமாறும். 2024-இல் கிழக்கு மத்தியதரைக் கடல்மேல் பறந்த விமானங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் இருப்பதாகத் தோன்றின. போலி சிக்னலை நம்பித் தவறான இடத்தை அறிவித்தது விமானமேதான்; தளங்கள் அதை அப்படியே காட்டின.