ஹோட்டன் சமவெளிக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா? "எல்லாம் உள்ளடக்கம்" என்று விற்கும் பொதியை வாங்குமுன் இதைப் படியுங்கள்

நுவரெலியாவில் தங்கி, விடியற்காலையில் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போய், உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். பிள்ளைகளோடு நடக்க இலங்கையில் இதைவிட நல்ல மலைப்பாதை அதிகம் இல்லை. கூட்டம் வரும் இடம் என்பதால் ஏமாற்றுகிறவர்களும் வந்துவிட்டார்கள். அண்மையில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்ட விதத்தை வைத்து, எந்தெந்த இடத்தில் காசு பறிபோகிறது, எந்த இடத்தில் அந்த நாளே வீணாகிறது என்று எழுதுகிறோம். ஏற்பாட்டாளரின் பெயரைப் போடவில்லை. இதே பொதியை இதே சொற்களில் விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு இன்னொருவரிடம் போய் விழக்கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து பேர், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மூன்று பேர். அதில் ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள், எழுபதை நெருங்கும் அம்மம்மா. வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் இது: "ஜீப், வழிகாட்டி, டிக்கட், காலைச் சாப்பாடு எல்லாம் உள்ளடக்கம். அருவிக்கு லேசான நடை, ஒரு மணித்தியாலம். குளிக்கலாம். உலக முடிவுக் காட்சி நிச்சயம்." எட்டுப் பேருக்கும் தலைக்கு ஒரே தொகை, பாதி முற்பணம். இந்த நாலு வரியில் உண்மையாக இருந்தது காலைச் சாப்பாடு மட்டும்தான். அதையும் முழுதாகக் கொண்டுபோய்ச் சாப்பிட முடியவில்லை, அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் டிக்கட். வனஜீவராசிகள் திணைக்களத்தின் கட்டணம் இரண்டு வகை. இலங்கையர் தேசிய அடையாள அட்டையைக் காட்டினால் மிகக் குறைந்த தொகைதான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு டொலரில் நிர்ணயித்து ரூபாயில் வாங்குவார்கள், அது பல மடங்கு. ஆளுக்கான கட்டணத்தோடு குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒரு கட்டணம், இவற்றின் மேல் வரி. பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம். ஆகவே கலந்து போகும் ஒரு குடும்பத்துக்கு "தலைக்கு இவ்வளவு" என்று ஒரே தொகை வரவே முடியாது. அப்படிச் சொன்னால், எல்லாரையும் வெளிநாட்டவராகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே நடந்ததும் அதுதான். சாரதி எல்லாருடைய அடையாள அட்டைகளையும் கடவுச்சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு, "குளிராக இருக்கு, நீங்கள் இறங்க வேண்டாம் அண்ணா" என்று தான் மட்டும் இறங்கிப்போய், ஐந்து உள்நாட்டு டிக்கட்டும் மூன்று வெளிநாட்டு டிக்கட்டும் எடுத்துவிட்டு வந்திருக்கிறார். பற்றுச்சீட்டைக் கேட்டபோது கவுண்டரில் வைத்துக்கொண்டார்கள் என்றார். கவுண்டரில் பற்றுச்சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது.

இதற்கு ஒரே மருந்துதான்: கவுண்டருக்கு நீங்களே இறங்கிப் போங்கள். வாகனக் கூலியையும் நுழைவுக் கட்டணத்தையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். திணைக்களத்தின் இணையத்தளத்தில் முன்கூட்டியே எடுக்கும் வசதியும் இருக்கிறது. கட்டணங்கள் அவ்வப்போது மாறும், டொலர் மதிப்பும் மாறும். முதல் நாள் இரவே தளத்தில் பார்த்து, உங்கள் குழுவுக்கான மொத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டால் பேச்சுக்கே இடமிருக்காது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ அடையாள அட்டையையோ மறக்காமல் கையில் எடுங்கள். வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் கவுண்டரில் எடுபடாது.

ஜீப் என்பது சுத்தப் பொய். யாலவிலும் உடவளவையிலும் காட்டுக்குள் வாகனத்தில் சுற்ற வேண்டும், அங்கே ஜீப் தேவை. ஹோட்டன் சமவெளியில் வாகனம் போவது ஃபார் இன் என்ற பழைய கட்டடம் வரைதான். இப்போது அது பார்வையாளர் நிலையம். அதுவரை தார்ப்பாதை. ஒடுங்கலும் வளைவுமாக இருந்தாலும் சாதாரண வான், கார் எல்லாம் தாராளமாக ஏறும். ஓஹிய புகையிரத நிலையத்திலிருந்து முச்சக்கர வண்டியில் போகிறவர்களும் உண்டு. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சுமார் 30 கிலோமீற்றர்தான். ஜீப்புக்கென்று யாராவது கூடக் கேட்டால் வேறு வாகனம் பாருங்கள்.

வழிகாட்டியும் கட்டாயமில்லை. சுற்றுப்பாதை தெளிவாக இருக்கிறது, சந்திகளில் பலகைகள் இருக்கின்றன, பாதையை விட்டு இறங்குவதற்கே தடை. ஆனாலும் விஷயம் தெரிந்த ஒரு வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு வீண் என்று சொல்ல மாட்டோம். மூக்கில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று இங்கே இருக்கிறது, இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பாசி படர்ந்த கிளையில் அசையாமல் இருக்கும் அதைத் தனியாகக் கண்டுபிடிப்பது பெரிய பாடு. அதைக் காட்டித் தருகிறவர், மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது என்பதைப் புல்வெளியில் நின்றே விளக்குகிறவர் கிடைத்தால் பிள்ளைகளுக்கு அது பெரிய பேறு. இந்தக் குடும்பத்தோடு அனுப்பப்பட்டவரோ சாரதியின் சொந்தக்காரப் பையன். தண்ணீர்ப் போத்தல் தூக்கினார், படம் எடுத்துக் கொடுத்தார். அந்த வேலைக்கு அந்தக் கூலி அநியாயம்.

இனி நேரம். காசை விட இதில்தான் பெரிய நஷ்டம். உலக முடிவு என்பது சமவெளி சட்டென்று முடிந்து சுமார் 880 மீற்றர் கீழே விழும் செங்குத்து. காலையில் வானம் தெளிவாக இருக்கும். வெயில் ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று சூடாகி, மலைச்சுவரில் மேலெழும்பி, குளிர்ந்து பனிமூட்டமாகிவிடும். பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு விளிம்பில் நின்றால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். காட்சி நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். கவுண்டர் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டுமானால் நுவரெலியாவிலிருந்து நாலரை மணிக்காவது வாகனம் கிளம்ப வேண்டும். ஏப்ரல், டிசம்பர், நீண்ட வார இறுதி என்றால் இன்னும் முன்னால்.

இந்தக் குடும்பத்தை ஏற்ற வான் வந்ததே ஆறரைக்கு. காரணம் எளிது: அதே வான் அதிகாலையில் இன்னொரு குழுவை மேலே இறக்கிவிட்டு வந்திருக்கிறது. எட்டரை மணிக்கு நடை தொடங்கி, அதன் பிறகு பையன் இவர்களை முதலில் நீர்வீழ்ச்சிப் பக்கம் கூட்டிப்போனார். உலக முடிவு விளிம்புக்குப் போய்ச் சேரும்போது எதிரே நின்ற ஆளே மங்கலாகத்தான் தெரிந்தார். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி. நீர்வீழ்ச்சியைப் பனி பெரிதாக மறைக்காது, அது பதினொரு மணிக்கும் அப்படியே இருக்கும்.

"ஒரு மணித்தியால லேசான நடை" என்பதைக் கணக்கிலேயே பாருங்கள். முழுச் சுற்று ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீற்றர். தொடக்கத்திலிருந்து உலக முடிவுக்கு நாலு, அங்கிருந்து நீர்வீழ்ச்சிக்கு இரண்டு, நீர்வீழ்ச்சியிலிருந்து திரும்ப மூன்றரை. அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் ஏழு கிலோமீற்றர் நடக்கத்தான் வேண்டும், பெரிதாக மிச்சமாவது எதுவும் இல்லை. பிள்ளைகளோடு முழுச் சுற்றுக்கு நாலு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு வயதுக்கு மேல் நடந்து பழகிய பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். அதற்குக் கீழே என்றால் முதுகில் சுமக்க ஆள் வேண்டும். தள்ளுவண்டி பத்து நிமிடத்துக்குக்கூட ஓடாது. புல்வெளிப் பகுதி சுலபம். மேகக்காட்டுக்குள் நுழைந்ததும் வேர், கல், மழைநீர் அரித்த பள்ளம், ஈரக் களிமண். செருப்போடு வந்தவர்கள் அங்கேதான் கால் பிசகுவார்கள். பிடிமானமுள்ள சப்பாத்து அவசியம். உயரம் 2,100 மீற்றருக்கு மேல் என்பதால் மூச்சு சீக்கிரம் வாங்கும். இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அம்மம்மாவை "சும்மா பூங்காவில் உலாவுவது மாதிரி" என்று சொல்லி அழைத்து வந்ததை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது: ஃபார் இன் சுற்றுப்புறத்திலேயே மரைகள் என்ற பெரிய மான்கள் மேயும், சிற்றுண்டிச்சாலை இருக்கிறது. ஒருவர் துணையோடு அங்கே இருத்திவிட்டுப் போகலாம். மரைக்குத் தீனி மட்டும் கொடுக்காதீர்கள், பழக்கிவிட்டால் பைக்குள் மூக்கை நுழைக்கும். பாதையில் மலசலகூடம் கிடையாது, தொடங்கும் இடத்திலேயே பிள்ளைகளைக் கூட்டிப்போய்விடுங்கள்.

பேக்கர் நீர்வீழ்ச்சியில் குளிக்கத் தடை. விளம்பரத்தில் பிள்ளைகள் குதித்து விளையாடும் படம் வேறு ஏதோ அருவியில் எடுத்தது. உயரம் சுமார் 20 மீற்றர்தான், ஆனால் அடியில் நீரோட்டம் இழுக்கும், நீர் உறைகுளிர், பாறை வழுக்கும். உயிர்கள் போயிருக்கின்றன. "காலை மட்டும் நனைக்கலாம்" என்று பையன் சொன்னால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பலகையைக் காட்டுங்கள். அருவிக்கு இறங்கும் படிகள் செங்குத்து, மழைக்குப் பிறகு சவர்க்காரம் பூசினது போல. இறங்கும்போது பெரியவர் ஒருவர் முன்னால், பிள்ளை நடுவில், இன்னொருவர் பின்னால். ஏறும்போதுதான் உண்மையான களைப்பு, அதற்குத் தண்ணீரும் ஏதாவது இனிப்பும் மிச்சம் வைத்திருங்கள்.

உலக முடிவு விளிம்பிலும் இதே கவனம் வேண்டும். தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை. 2015 பெப்ரவரியில் நெதர்லாந்துப் பயணி ஒருவர் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்து, கீழே ஒரு மரத்தில் தங்கியதால் பிழைத்தார். இராணுவத்தினர் போய் மீட்டார்கள்.

சாப்பாட்டுக் கதைக்கு வருவோம். நடை தொடங்குமுன் பைகளைச் சோதிப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகாது: லஞ்ச் சீட், ஷொப்பிங் பை, பிஸ்கட் உறை எல்லாம் கழற்றப்படும், தண்ணீர்ப் போத்தலின் லேபல்கூட உரிக்கப்படும். சோதிப்பவர்கள் கெடுபிடிக்காகச் செய்வதில்லை. மரையும் குரங்கும் உறையோடு விழுங்கிவிடும். ஏற்பாட்டாளருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் எட்டுப் பேரின் பாணும் சம்பலும் லஞ்ச் சீட்டில் சுற்றி வந்தன. பிரித்துப் போட வேறு பாத்திரம் இல்லாததால் பாதி அங்கேயே நின்றுகொண்டு விழுங்கப்பட்டது, மீதி வானுக்குத் திரும்பியது. பிள்ளைகள் நாலு மணித்தியாலம் ஆளுக்கு ஒரு வாழைப்பழத்தோடு நடந்தார்கள். நீங்கள் எவர்சில்வர் டப்பாவிலோ வாழையிலையிலோ கட்டிக்கொள்ளுங்கள். பிஸ்கட்டைக் கடதாசிப் பையில் மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் பெரியவருக்கு ஒன்றரை லீற்றர், பிள்ளைக்கு ஒரு லீற்றர். காலையில் சுவெட்டர் வேண்டும், பத்து மணிக்கு வெயில் தோலை உரிக்கும். தொப்பி, மெல்லிய மழை அங்கி இரண்டும் எந்த மாதமானாலும்.

கடைசியில் "வெயிட்டிங்". ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றதற்கு என்று திரும்பி வந்ததும் கூடுதல் தொகை கேட்டார்கள், கொடுக்காவிட்டால் புறப்பட மாட்டோம் என்ற தொனியில். வாகனம் பேசும்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை மணிக்கு ஏற்றுவார், மேலே குறைந்தது ஐந்து மணித்தியாலம் காத்திருப்பது கூலிக்குள் அடங்குமா, இடையில் வேறு குழுவை ஏற்றுவாரா, தாமதமாக வந்தால் முற்பணம் திரும்பக் கிடைக்குமா. முற்பணமே கொடுக்காமல் தங்குமிடத்தில் கேட்டு வான் பிடிப்பது இன்னும் நல்லது. டிக்கட் இல்லாமல் தோட்டத்துப் பக்கத்தால் ஏற்றிவிடுகிறோம் என்று மலிவாக ஒரு பேச்சும் வரும். அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், பிடிபட்டால் அபராதம் உங்கள் தலையில்.

ஏமாந்துவிட்டால் சும்மா விடாதீர்கள். விளம்பரப் படம், பேசிய செய்திகள், பணம் அனுப்பிய சான்று, வாகன இலக்கத் தகட்டின் படம், கவுண்டர் பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவிக்கு 1912. பாதையில் யாருக்காவது அடிபட்டால் 1990 அம்பியூலன்ஸ். உள்ளே பல இடங்களில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதால் இந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.