அணுவையே வெட்டுமாம், தக்காளியே வழுக்குது (3 ஸ்டார்)

ஆன்லைன்ல வாங்கின 8 இன்ச் கத்தி, ரெண்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன். டப்பா மேல "அணுவையும் பிளக்கும் கூர்மை"ன்னு போட்டிருந்தான், அதைப் படிச்சிட்டு என் பொண்ணு "அப்போ கேரட் வெட்டினா குண்டு மாதிரி வெடிக்காதாப்பா"ன்னு கேட்டுட்டா, இந்த ரிவ்யூ நீளமா போனதுக்கு அவதான் காரணம்.

எவ்வளவு தீட்டினாலும் கத்தி முனை சில நூறு நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) தடிப்பு இருக்கும், ஒரு அணு 0.1ல இருந்து 0.3 நானோமீட்டர் தான். அணுவை கடுகு சைஸுக்கு ஊதிப் பெருசாக்கினா நம்ம கத்தி முனை ஒரு ஆள் உயரத்தை விட தடிப்பான மதில் சுவர், அதை வச்சு கடுகை எங்க பிளக்குறது, கடுகுகளை ரெண்டு பக்கமும் ஒதுக்கத்தான் முடியும். வெட்டுறதுன்னா அவ்வளவுதாங்க, ஒட்டிட்டு இருக்குற செல்லு, மூலக்கூறு இதுங்களைப் பிரிச்சு விடுறது. வெடிக்கிற சமாச்சாரம் அணுவோட நடுவுல இருக்குற அணுக்கரு, அதோட அகலம் அணுவுலயும் பல்லாயிரத்துல ஒரு பங்கு. 1938ல பெர்லின்ல ஆட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மன்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிங்க யுரேனியத்தோட கருவைப் பிளந்தது நியூட்ரான்ங்கிற குட்டித் துகளை வச்சு, அதுக்கு மின்னூட்டம் இல்லாததால கரு அதைத் தள்ளி விடல. அப்படியே கேரட்ல இருக்குற கார்பன் கருவை உடைச்சாலும் சக்தி வெளிய வராது, நாமதான் கைக்காசு போடணும்.

சரி கத்திக்கு வருவோம். முதல் மூணு வாரம் சூப்பர், சின்ன வெங்காயம் அரை கிலோ வெட்டியும் கண்ணு எரியல, ஏன்னா கூர்மையா இருந்தா செல்லு கம்மியா நசுங்கும், எரிச்சல் வாயுவும் கம்மி. அப்புறம் முனை மடங்கிப் போச்சு (இரும்பும் அணுதானே, அதுங்களும் நகரும்), இப்போ தக்காளி தோல்ல வழுக்குது, வெங்காயம்னா வீடே அழுது. கைப்பிடி நல்லா இருக்கு, துரு பிடிக்கல, அதுக்குத்தான் மூணு ஸ்டார். தெருவுல சாணை பிடிக்கிறவர் வந்தா குடுத்துப் பார்க்கணும், அதுவரைக்கும் அம்மாவோட அரிவாள்மனைதான்.