மோட்டார் காயில் கட்டக் கற்றுத்தரும் மேல்நிலை வகுப்பு: ஒரு தந்தையின் மதிப்பீடு

1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபோது உடன் வந்த தொழிற்கல்விப் பிரிவை, மதிப்பெண் குறைந்தவர்களுக்கான ஒதுக்கிடம் என்றே நானும் எண்ணியிருந்தேன். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் என் மகன் மின்பொறியியல் பிரிவில் இரண்டு ஆண்டுகள் பயின்ற பின் அந்த எண்ணம் அடியோடு மாறிவிட்டது.

செய்முறை வகுப்புதான் இப்பிரிவின் உயிர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டியெடுத்து, பழைய காயிலின், அதாவது கம்பிச் சுருளின், சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, சுருள் பதியும் பள்ளங்களான ஸ்லாட்டுகளில் காப்புத் தாளை மடித்துச் செருகி, அதே பருமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியால் மாணவர்களே புதிதாகக் கட்டுகிறார்கள். காயிலின் மேல் பூசிய வார்னிஷ் காய்ந்தபின், மின்கசிவைத் தடுக்கும் காப்பின் தடையை அளக்கும் மெகர் என்ற கருவியால் சோதிக்கும்போது முள் ஒரு மெகா ஓமுக்குக் கீழே நின்றால், மின் இணைப்புக் கொடுக்க ஆசிரியர் அனுமதிப்பதே இல்லை. தான் கட்டிய மோட்டார் சீராக ஓடிய அன்று, வார்னிஷ் வாடை போகாத கைகளோடு என் மகன் சாப்பிட உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கருவிகள் போதவில்லை என்பது உண்மையான குறை. நான்கு பேருக்கு ஒரு மோட்டார் என்றால், கூச்சமுள்ள பிள்ளை வேடிக்கை பார்த்தே ஆண்டைக் கழித்துவிடும். பாடநூல் தெளிவாகவே இருக்கிறது.

பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் இப்பிரிவில் வழியுண்டு. சேர்ப்பதற்கு முன் பெற்றோர் பணிமனைக்குள் நேரில் சென்று, வேலையே நடக்காமல் மேசைமேல் தூசி படிந்திருக்கிறதா, வேலை நடப்பதன் அடையாளமாகக் கம்பித் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.