எடிமான்லைன்: ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவோருக்கு

ஓர் ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, காசு கேட்காத தளங்களில் முதலில் திறக்க வேண்டியது டக்ளஸ் ஹார்ப்பர் தொகுத்துவரும் எடிமான்லைன். ஆனால் அதன் குறியீடுகள் புரியாமல் படித்தால் தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம்.

'நைஸ்' என்று தேடிப் பாருங்கள். மூலம் லத்தீனின் 'நெஸ்கியுஸ்'. 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கிரே' என்றால் அறிதல், ஆக, அறியாதவன். பழைய பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் பொருள் முட்டாள்தனமான. பிறகு கூச்சம், நாசூக்கு, துல்லியம் என்று நகர்ந்து, 'இனிமையான' என்ற பொருளை எட்டுவது 1769இல். அதே 'ஸ்கிரே'தான் 'சயின்ஸ்' என்ற சொல்லுக்கும் வேர். சாதாரண அகராதி இந்தப் பயணத்தைக் காட்டாது.

தேதிகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். 14 என்ற எண்ணை ஒட்டி 'சி' இருந்தால் அது 14ஆம் நூற்றாண்டு, அதாவது 1300கள், 1400கள் அல்ல. எந்த ஆண்டானாலும், கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றின் காலம் அது. பேச்சில் அந்தச் சொல் முன்பே புழங்கியிருக்கலாம். வேரின் முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அந்த வடிவத்துக்கு எழுத்துச் சான்றே இல்லை; உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டமைத்தது. 'பேட்' போன்ற சொற்களுக்கு 1, 2 என்று தனித்தனிப் பதிவுகள் உண்டு. மட்டை வேறு, வௌவால் வேறு, இரண்டின் வேர்களும் வேறு. அவசரத்தில் முதல் பதிவோடு நிறுத்திவிடக் கூடாது.

சொல்லைக் கண்ணால் பார்த்தே பிரிக்கும் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. பெண்ணைக் குறிக்கும் 'ஃபீமேல்', ஆணைக் குறிக்கும் 'மேல்' என்பதிலிருந்து பிறந்ததல்ல. லத்தீன் 'ஃபெமெல்லா' பிரெஞ்சு வழியாக வந்து, 'மேல்' என்ற சொல்லின் சாயலில் எழுத்து மாறியது. 'அவுட்ரேஜ்' சொல்லுக்குள் 'அவுட்'டும் இல்லை, 'ரேஜ்'ஜும் இல்லை; அதன் வேர் 'அல்ட்ரா', அதாவது அப்பால். 'ஹெலிகாப்டர்' உடைவது 'ஹெலிகோ', 'ப்டெரோன்' என்று: சுருள், சிறகு.

குறைகளும் உண்டு. உச்சரிப்பைக் கேட்க முடியாது, இன்றைய வாக்கியத்தில் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சொல்லித் தராது. எனவே பொருளையும் பயன்பாட்டையும் மாணவர் அகராதியில் பார்த்த பிறகே இங்கே வர வேண்டும். வந்ததும் வேர்ப் பக்கத்தைத் திறந்து இரண்டு மூன்று உறவுச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். 'ஸ்பெக்', அதாவது பார்த்தல் என்ற வேரில் 'இன்ஸ்பெக்ட்', 'சஸ்பெக்ட்', 'ஸ்பெக்டேட்டர்' மூன்றும் ஒன்றாகவே மனத்தில் தங்கும். பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்யப் போனால் ஒன்றும் நிற்காது.

ஆய்வுக் கட்டுரைக்கு மேற்கோள் காட்ட இது போதாது. முந்தைய அகராதிகளிலிருந்து தொகுத்தது என்பதால், அங்கே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத்தான் நாட வேண்டும்.