6,400 யூரோ போச்சு: கூட்டு ஆராய்ச்சி மானியம் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

நேற்று மாலை நிராகரிப்பு மெயில் வந்தது. இரவு முழுக்கத் தூக்கமில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஆறு பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம். நிலத்தடிக் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார் செய்கிறோம். வேறொரு நாட்டு நிறுவனம் அதற்கு மென்பொருள் எழுத முன்வந்தது. இப்படி இரு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய யூரோஸ்டார்ஸில் மானியம் கேட்கலாம். 1985-ல் தொடங்கிய, பல நாடுகள் சேர்ந்த யுரேகா என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பு சிறு நிறுவனங்களை மனதில் வைத்து நடத்தும் திட்டம் அது. எழுத ஆளில்லாததால், மானிய விண்ணப்பம் தயாரித்துத் தரும் ஓர் ஆலோசனை நிறுவனத்தைப் பிடித்தோம்.

முதல் வீடியோ காலில் அந்த நிறுவனத்தின் ஆலோசகர் எங்கள் சோதனை அறிக்கையை அச்செடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக் கையில் வைத்திருந்தார். "ஈர மண்ணில் பொய்யான எச்சரிக்கை வருகிறதே, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார். முதலீட்டாளர்கள்கூட அதைக் கேட்டதில்லை. இவருக்கு நம் வேலை புரிகிறது என்று நம்பிவிட்டோம். மறுநாளே 6,400 யூரோ முன்பணம் கட்டினோம். அதில் 900 யூரோ 'போர்ட்டல் பதிவுக் கட்டணம்'. விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது என்பது நேற்றுதான் தெரிந்தது.

நிபுணர்கள் படித்துவிட்டு வேண்டாம் என்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர்கள் கைக்கே போகவில்லை, தகுதிச் சோதனையிலேயே விழுந்துவிட்டது. மொத்த பட்ஜெட்டில் எந்த ஒரு நிறுவனத்தின் பங்கும், எந்த ஒரு நாட்டின் பங்கும் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் அனுப்பிய கணக்கில் எங்கள் பங்கு 64. போர்ட்டலில் ஏறியிருந்தது 78! மானியம் ஒரே பொதுப் பெட்டியிலிருந்து வருவதில்லை, அவரவர் நாட்டு நிதி அமைப்புதான் அவரவருக்குத் தரும். எங்கள் நாட்டில் அதிகம் கிடைக்கும் என்று, ஆலோசனை நிறுவனத்தார் பங்காளியின் களச்சோதனைச் செலவை எங்களைக் கேட்காமலேயே எங்கள் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கடைசி நாள் இரவு எங்களுக்கு வந்தது கையெழுத்துப் பக்கம் மட்டும். "மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நிம்மதியாகத் தூங்குங்கள்" என்றார்கள்.

நேற்று போன் செய்தால், அவர் மீட்டிங்கில் இருக்கிறாராம். மறுபடி செய்தால், "விதி மாறியிருக்கலாம்." விதியின் பக்கத்தையே அனுப்பினேன். அதற்குப் பதிலில்லை. இன்று காலை ஒரு மெயில்: "நிராகரிப்பு சகஜம், அடுத்த சுற்றுக்கு 2,100 யூரோ கட்டினால் திருத்தித் தருகிறோம்." 6,400 யூரோவை விழுங்கிவிட்டு இன்னும் 2,100 கேட்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புரட்டினால், முன்பணம் திரும்பாது என்ற வரி பொடி எழுத்தில் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவுதான்: போர்ட்டல் கடவுச்சொல்லை யாரிடமும் தராதீர்கள். பட்ஜெட் அட்டவணையை நீங்களே நிரப்புங்கள். இரண்டு நாட்டு நிதி அமைப்புகளிடமும் முதலிலேயே நேரடியாகப் பேசுங்கள். அவர்களுடைய அலுவலர்கள் காசு வாங்காமல் பதில் சொல்வார்கள். பதிவுக் கட்டணம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து நான் பங்காளி நிறுவனத்துக்கு போன் செய்ய வேண்டும். அந்த 6,400 யூரோவில் பாதி அவர்கள் கொடுத்தது.