கல்யாண ஃபுட்டேஜை இணையத்தில் அனுப்புவது: பல சீசன் பழகிய பிறகு எது நிற்கிறது, எது நிற்கவில்லை

4கே கேமராவை 100 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 100 மெகாபிட்) ஓடவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி சேரும். ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு கேமரா தலா ஐந்து மணி நேரம் ஓடினால் 450 ஜிபி. எடிட்டர் வேறு ஊரில் இருக்கிறார். பெரிய ஃபைல் அனுப்ப எந்தத் தளம் நல்லது என்று ஸ்டுடியோக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தளத்தைத் தேடும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். ஜிபியை 8000ஆல் பெருக்கி, உங்கள் அப்லோடு வேகத்தால் வகுத்தால் எத்தனை விநாடி ஆகும் என்று வரும். 50 எம்பிபிஎஸ் அப்லோடில் 450 ஜிபி ஏற 72,000 விநாடி, அதாவது இருபது மணி நேரம். அதுவும் வேகம் ஒருமுறைகூடக் குறையாமல் இருந்தால். ஸ்பீடு டெஸ்ட்டில் பெரிதாகத் தெரிவது டவுன்லோடு வேகம். நமக்கு வேண்டியது அதன் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண். பல இணைப்புகளில் அது டவுன்லோடில் பாதிகூட இருக்காது. மொபைல் ஹாட்ஸ்பாட் என்றால் இன்னும் மோசம்.

அதனால் முதல் பரிந்துரை எந்தத் தளமும் இல்லை, ப்ராக்ஸி. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் ஆகிய இரண்டு எடிட்டிங் மென்பொருளிலுமே ஒரிஜினலுக்குப் பதிலாகச் சின்ன நகல் உருவாக்கும் வசதி இருக்கிறது, அந்த நகல்தான் ப்ராக்ஸி. 1080பி, 10 எம்பிபிஎஸ் போதும். 450 ஜிபி 45 ஜிபி ஆகிவிடும், இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். எடிட்டர் அதை வைத்து முழு வேலையும் முடித்து, ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் திருப்பி அனுப்புவார். வழக்கமாக அது மெயிலிலேயே போகும் அளவு. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஒரிஜினலோடு இணைத்து எக்ஸ்போர்ட் போட்டுக்கொள்ளலாம். ஒரிஜினல் ஸ்டுடியோவை விட்டு வெளியே போகவே தேவையில்லை. பாதுகாப்பு என்று பார்த்தாலும் இதைவிட நல்ல வழி இல்லை.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் உண்டு. ப்ராக்ஸியின் ஃபைல் பெயர், ஃப்ரேம் ரேட், டைம்கோடு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேரக் குறி), ஆடியோ சேனல் எண்ணிக்கை நான்கும் ஒரிஜினலோடு பொருந்த வேண்டும். ஆடியோ சேனல் மாறினால் பிரீமியர் இணைக்க மறுக்கும். இரண்டு கேமராவும் ஒரே பெயர் வரிசையில் ஃபைல் உருவாக்கினால் தவறான கிளிப் போய் உட்காரும், ஆகவே கார்டிலிருந்து இறக்கும்போதே கேமராவுக்குத் தனி ஃபோல்டரும் பெயருக்கு முன் தனி எழுத்தும் கொடுத்துவிடுவது நல்லது. அடுத்தது தமிழ் எழுத்துரு. டைட்டிலைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்து, அந்த எழுத்துரு ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இல்லை என்றால் மணமக்கள் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். ப்ராஜெக்ட் ஃபைலோடு எழுத்துரு ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். பிளக்இன் பட்டியலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சரி, 45 ஜிபியை எதில் அனுப்புவது?

மெயிலை விட்டுவிடலாம். ஜிமெயில் வரம்பு 25 எம்பி, அதைத் தாண்டினால் தானாக டிரைவ் லிங்க் ஆக்கிவிடும். மெயிலில் இணைக்கும் ஃபைல் எழுத்தாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால், பெறும் சர்வரின் வரம்பு 20 எம்பி என்றால் 15 எம்பி ஃபைலே விளிம்பில் நிற்கும்.

வாட்ஸ்அப்பில் ஃபைல் ஒன்றுக்கு 2 ஜிபி வரை போகும், முனைக்கு முனை மறையாக்கமும் உண்டு, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் கேலரியில் இருந்து வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும், டாக்குமென்ட் என்ற வழியில்தான் அனுப்ப வேண்டும். டீசர், ரீல்ஸ், ஆல்பம் பிடிஎஃப் இவற்றுக்கு இது போதும். டெலிகிராமிலும் இலவசக் கணக்குக்கு 2 ஜிபி, பிரீமியத்துக்கு 4 ஜிபி. டெலிகிராம் பாதுகாப்பானது என்று பலர் நினைத்துக்கொண்டு வாடிக்கையாளர் படங்களை அங்கே குவித்து வைக்கிறார்கள். சாதாரண சாட்டும் குரூப்பும் முனைக்கு முனை மறையாக்கம் கொண்டவை அல்ல. சீக்ரெட் சாட்டுக்கு மட்டும்தான் அது.

வீடிரான்ஸ்ஃபர் இலவசத்தில் இப்போது 3 ஜிபி, லிங்க் மூன்று நாளில் செத்துவிடும். எடிட்டர் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிடும் கணக்கு அது. இந்தியாவில் 2020 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை உத்தரவில் அந்தத் தளம் முடக்கப்பட்டதையும் ஸ்டுடியோக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே தளத்தை நம்பி டெலிவரி தேதி கொடுக்கக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி. 2019 ஜூனில் அதே நிறுவனத்தின் மெயில்கள் தவறான ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தன. லிங்க் யார் கையில் இருக்கிறதோ அவரே ஃபைலுக்குச் சொந்தக்காரர் என்ற ஏற்பாட்டில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கும். எந்த நிறுவனமாக இருந்தாலும் இதுதான்.

சுவிஸ்டிரான்ஸ்ஃபர் கணக்கு கேட்காது, ஒரு முறையில் 50 ஜிபி வரை எடுக்கும், முப்பது நாள் வரை வைத்திருக்கும். பாஸ்வேர்டு போடலாம், எத்தனை முறை டவுன்லோடு ஆகலாம் என்றும் கட்டுப்படுத்தலாம். ப்ராக்ஸி அனுப்ப எங்களிடம் அதிகம் ஓடுவது இதுதான். குறை ஒன்று உண்டு. அப்லோடு பிரவுசரில் நடக்கிறது, ஆகவே லேப்டாப் தூங்கினால் வேலை கெட்டது. ஆரம்பிக்கும் முன் பவர் செட்டிங்கில் ஸ்லீப் 'ஒருபோதும் இல்லை' என்று வைத்து, சார்ஜர் செருகி, வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள். மின்வெட்டு வரும் ஊரில் மோடத்துக்கும் சேர்த்து யுபிஎஸ் வேண்டும். கம்ப்யூட்டர் மட்டும் யுபிஎஸ்ஸில் நின்று மோடம் அணைந்தால் பயனில்லை.

கூகுள் டிரைவ் எல்லாரிடமும் இருக்கிறது, அதனாலேயே அதிகத் தகராறும் அங்கேதான். இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் பொது. டிரைவை நிரப்பினால் வாடிக்கையாளர் மெயிலே வராமல் திரும்பிப் போகும். ஷேர் செய்யும்போது 'ரெஸ்ட்ரிக்டட்' நிலையிலேயே விட்டுவிட்டு லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டால், இரவு பதினொரு மணிக்கு அனுமதி கேட்டு மெயில் வரும். அதற்குப் பயந்து எல்லாரும் 'லிங்க் உள்ள யாரும்' என்று திறந்துவிடுகிறார்கள். எடிட்டரின் ஜிமெயில் முகவரியைச் சேர்த்து அவருக்கு மட்டும் அனுமதி கொடுக்க அரை நிமிடம்தான் ஆகும். இன்னொன்று, ஃபோல்டராக டவுன்லோடு செய்தால் டிரைவ் அதைக் கிட்டத்தட்ட 2 ஜிபி ஜிப்களாக உடைத்துக் கொடுக்கும், பெரிய ஃபைல்கள் ஜிப்புக்குள் வராமல் தனியாக இறங்கும். எடிட்டர் ஜிப்பை மட்டும் பிரித்துவிட்டு இரண்டு கிளிப் குறைகிறது என்பார். டிரைவ் டெஸ்க்டாப் செயலி வழியாக இறக்கினால் இந்தக் குழப்பம் இல்லை.

மெகா 20 ஜிபி இலவசம் தருகிறது, மறையாக்கம் நம் பிரவுசரிலேயே நடக்கிறது. லிங்க்கில் ஹேஷ் (#) குறிக்குப் பிறகு வரும் நீளமான எழுத்து வரிசைதான் சாவி. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பதைச் சர்வருக்கு அனுப்புவதில்லை, அதனால் நிறுவனத்தின் கைக்குச் சாவி போகாது. சாவி இல்லாத லிங்க்கைத் தனியாகவும் சாவியைத் தனியாகவும் எடுக்கும் வசதி இருக்கிறது. லிங்க் மெயிலில், சாவி வாட்ஸ்அப்பில். முழு லிங்க்கையும் ஒரே குரூப்பில் போட்டால் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. 2022ல் சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மெகாவின் மறையாக்கத்தில் ஓட்டைகளைக் காட்டினார்கள், நிறுவனம் திருத்தங்கள் வெளியிட்டது. இலவசக் கணக்கில் டவுன்லோடு அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு, பாதியில் நின்று சில மணி நேரம் காக்க வைக்கும். அவசர வேலைக்கு ஏற்றதல்ல.

தளத்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, அனுப்பும் முன் நாமே பூட்டிவிட்டால் எந்தத் தளம் என்பது பெரிய விஷயமே இல்லாமல் போகும். கல்யாண வீட்டில் மணப்பெண் அலங்காரம், குழந்தைகள், நகை, வீட்டு முகவரி பொறித்த பத்திரிகை எல்லாம் கேமராவில் இருக்கின்றன. நம்மை நம்பி வீட்டுக்குள் விட்டவர்களின் படம் அது. அதற்குரிய கவனத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் இப்படிப் பூட்டுவது எளிது. ஃபோல்டர்மேல் ரைட் கிளிக், 'ஆட் டு ஆர்கைவ்'. வடிவம் 7இசட், சுருக்கும் அளவு 'ஸ்டோர்'. வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதை மறுபடி சுருக்க நினைத்தால் மணிக்கணக்கில் ஓடி ஒரு சதவீதம்கூடக் குறையாது. 'ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்' பெட்டியில் 4000எம் என்று அடியுங்கள், வாட்ஸ்அப்பில் போக வேண்டும் என்றால் 1900எம். துண்டாக இருந்தால் ஒன்று கெட்டாலும் அதை மட்டும் மறுபடி அனுப்பலாம். 4000எம்முக்குக் காரணம், ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபி ஃபைல் ஏறாது, டிஸ்க்கில் இடம் இருந்தாலும். பாஸ்வேர்டு கொடுத்து, 'என்க்ரிப்ட் ஃபைல் நேம்ஸ்' பெட்டியிலும் டிக் போடுங்கள். அதை விட்டால் உள்ளே இருக்கும் ஃபைல் பெயர்கள், மணமக்கள் பெயர் உட்பட, பாஸ்வேர்டு இல்லாமலே தெரியும்.

ஜிப் வடிவத்தை ஏன் வேண்டாம் என்கிறோம்? பழைய ஜிப்கிரிப்டோ பூட்டு 1994லேயே உடைக்கும் வழி எழுதப்பட்ட ஒன்று. ஃபைலின் சிறு பகுதி தெரிந்தாலே திறந்துவிடலாம், கேமரா ஃபைல்களின் தலைப்பகுதி பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் அது கிடைப்பது கடினமும் இல்லை. ஜிப்பிலும் ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் பெயர்களை மறைக்க அதில் வழி இல்லை, தமிழில் வைத்த பெயர்கள் சில மென்பொருளில் சிதையவும் செய்யும். எடிட்டர் மேக் வைத்திருந்தால் கேகா செயலியிலும், ஆண்ட்ராய்டு என்றால் இசட்ஆர்கைவர் செயலியிலும் 7இசட் திறக்கும். பாஸ்வேர்டுக்குக் கல்யாணத் தேதி, ஸ்டுடியோ பெயர், போன் எண் வேண்டவே வேண்டாம். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்துப் போனில் வாயால் சொல்லுங்கள்.

பெறுபவர் எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து .001 என்று முடிவதை மட்டும் திறக்க வேண்டும். எதிர்பாராத முடிவு என்று பிழை காட்டினால் ஒரு துண்டு வரவில்லை அல்லது பாதிதான் இறங்கியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, அனுப்பும் முன்பே ஒவ்வொரு துண்டின்மீதும் ரைட் கிளிக் செய்து 'சிஆர்சி எஸ்எச்ஏ' மெனுவில் எஸ்எச்ஏ-256 (ஃபைலின் கைரேகை போன்ற எண், இதையே ஹேஷ் என்பார்கள்) எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டி அனுப்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் ஒரு பிட்கூட மாறவில்லை. அந்த உறுதி வந்து, இரண்டு டிஸ்க்கில் நகல் இருப்பதையும் பார்த்த பிறகே மெமரி கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டர் ஓடும் என்றால் நடுவில் தளமே வேண்டாம். குரோக் என்ற சின்னக் கருவி ஒரு குறிச்சொல் கொடுக்கும், அதை எதிர்ப்பக்கம் அடித்தால் ஃபைல் மறையாக்கத்தோடு போகும், அறுந்தால் விட்ட இடத்தில் தொடரும். மேஜிக் வார்ம்ஹோலும் அப்படித்தான். அதில் குறியைத் தவறாக அடித்தால் அந்தப் பரிமாற்றமே ரத்தாகும், ஊகித்துப் பார்க்க நினைப்பவனுக்கு ஒரே வாய்ப்புதான். ஆனால் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பம், ஆகவே பெரிய ஃபைலுக்குக் குரோக். இரண்டிலும் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், அதற்குப் பழகாத எடிட்டரிடம் திணிக்காதீர்கள்.

ஒரே எடிட்டரோடு சீசன் முழுக்க வேலை என்றால் இரண்டு கம்ப்யூட்டரின் ஃபோல்டர்களை ஒன்றாக வைத்திருக்கும் சின்க்திங் மென்பொருள்தான் எங்கள் தேர்வு. ஒரு ஃபோல்டரில் போட்டால் அவர் டிஸ்க்கில் தானாகச் சேரும், மின்வெட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், அளவு வரம்பே இல்லை. ஆனால் கவனம்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நம் பக்கம் 'சென்ட் ஒன்லி', அவர் பக்கம் 'ரிசீவ் ஒன்லி' என்று வைத்து, அவர் பக்கத்தில் ஃபைல் வெர்ஷனிங்கையும் (அழிந்த, மாறிய ஃபைலின் பழைய நகலை வைத்திருக்கும் வசதி) இயக்காமல் ஒரு ஃபைல்கூடப் போடக் கூடாது.

ஒரிஜினல் 450 ஜிபியும் கட்டாயம் போக வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கைப் பார்சலில் அனுப்புவதே வேகம். விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கும் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து, வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருளில் பூட்டுங்கள், பூட்டாத டிஸ்க் பார்சலில் தொலைந்தால் படங்கள் யாரிடம் போகும் என்று சொல்ல முடியாது. பாஸ்வேர்டை டிஸ்க் உறைமேல் எழுதி ஒட்டுவதை இன்னும் பார்க்கிறோம், தயவுசெய்து வேண்டாம்.

எடிட்டர் ஹேஷ் சரி என்று சொன்ன அன்றே லிங்க்கை அழித்துவிடுங்கள். டிரைவில் அழித்தது டிராஷில் முப்பது நாள் கிடக்கும், அந்த இடமும் 15 ஜிபியில் சேரும். டிராஷையும் காலி செய்தால்தான் அடுத்த கல்யாணத்துக்கு இடம் கிடைக்கும்.